கையில் இருப்பது எந்தப் பதிப்பு?

அவையோருக்கு வணக்கம்.

பழைய அறிவியல் புனைகதை ஒன்றைத் தொடங்கி, ஐம்பதாம் பக்கத்தோடு மூடி வைத்தவர்கள் இந்த மண்டபத்தில் நிறையப்பேர் இருப்பீர்கள். உங்கள் பொறுமையை நான் குறைசொல்ல வரவில்லை. பல வேளைகளில் குற்றம் கையில் அகப்பட்ட பிரதியினுடையது.

கொழும்பில் மருதானைப் பக்கம், டி. ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளில் ஜூல்ஸ் வேர்னின் 'கடலடியில் இருபதாயிரம் லீக்' ஆங்கிலப் பிரதி ஒன்றைக் கண்டால், விலை கேட்க முன்னர் 'சில எண்கள்' என்ற அத்தியாயத்தைப் புரட்டுங்கள். கதைநாயகன் கப்டன் நீமோ தன் நீர்மூழ்கிக் கப்பலின் கணக்கை ஒப்பிக்கும் இடம் அது. நீளம் 70 மீற்றர், அகலம் 8 மீற்றர், எடை 1,500 தொன். அங்கே உருக்கின் அடர்த்தி நீரைப்போல 7.8 மடங்கு என்று இருக்கவேண்டும். உருக்கு நீரைவிட இலேசு என்று இருந்தால், அது 1870களில் இலண்டனில் வந்த மேர்சியர் மொழிபெயர்ப்பு. தசமப்புள்ளி இடம் மாறிவிட்டது. அது சின்னப் பிழைதான். மூலத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கையே அவர் வெட்டியெறிந்தது பெரிய பிழை. போனவற்றில் அறிவியலும் அரசியலும் நிறைய. மிஞ்சியது சிறுவர் சாகசக் கதை. குட்டன்பேர்க் என்ற மின்னூல் தளத்தில் இந்தப் பிரதியும் உண்டு, எஃப். பி. வோல்ற்றர் செய்த முழுமையான மொழிபெயர்ப்பும் உண்டு. இரண்டும் இலவசம். இரண்டாவதை இறக்குங்கள்.

இறக்கியதும் முதலாம் பக்கத்திலிருந்து தொடங்கவேண்டும் என்றில்லை. இரண்டாம் பாகத்தின் மூன்றாம் அத்தியாயத்துக்குப் போங்கள். இடம் நம்முடைய மன்னார்க் குடா. முத்துக்குளிப்புக் காலம் தொடங்க முன்னரே தனியாக வந்த ஓர் ஏழை, கல்லைக் காலிடுக்கில் பிடித்தபடி கடலுக்குள் இறங்குகிறான், சிப்பியை அள்ளுகிறான், மேலே போகிறான், திரும்ப இறங்குகிறான். ஒரு முறைக்கு அரை நிமிடம். சுறா வருகிறது. நீமோ கத்தியோடு பாய்கிறார்; சுறாவை ஈட்டியெறிந்து கொல்பவன் கப்பலில் இருக்கும் திமிங்கில வேட்டைக்காரன் நெட் லான்ட். காப்பாற்றிப் படகில் ஏற்றிய மனிதனின் கையில் நீமோ ஒரு முத்துப் பையை வைக்கிறார். ஒடுக்கப்பட்டோரின் நாட்டைச் சேர்ந்தவன் இவன், நானும் அந்த நாட்டவனே என்கிறார் பிறகு. அந்தப் பேச்சின் முழுப் பொருளும் 'மர்மத் தீவு' நாவலில்தான் விளங்கும். நீமோ, ஆங்கிலேயருக்கு எதிரான 1857 கிளர்ச்சியில் தோற்ற, இந்தியாவின் பண்டேல்கண்ட் இளவரசர். ஆகவே இந்த இரண்டையும் அடுத்தடுத்து வாசியுங்கள்.

மேரி ஷெல்லியின் 'பிராங்கென்ஸ்டைன்' வாங்கும்போது 1818ஆம் ஆண்டுப் பதிப்பா, 1831இல் திருத்தியதா என்று பாருங்கள். அட்டை சொல்லாவிட்டால் கதைநாயகன் விக்ரர் மணக்கும் எலிசபெத் யார் என்று தேடுங்கள். அவள் விக்ரரின் அத்தை மகளாக இருந்தால் 1818. தாய் எடுத்து வளர்த்த அநாதைக் குழந்தையானால் 1831. அத்தை மகளைக் கட்டுவதில் நமக்கு என்ன ஆச்சரியம்! ஆனால் திருத்தத்தில் மாறியது உறவுமுறை மட்டுமல்ல, விக்ரரின் பொறுப்பைக் குறைத்து விதியின் கையை நீட்டிவிட்டார் மேரி ஷெல்லி. என் வாக்கு 1818க்கே.

ஐசக் அசிமோவின் 'பவுண்டேஷன்' வரிசையில் 1951, 1952, 1953 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்று நூல்களையும் முதலில் முடியுங்கள். 1988இல் வந்த முன்கதையைக் கதைக்காலப்படி முதலில் வைத்தால், பின்னால் அவிழவேண்டிய முடிச்சுகள் முன்னாலேயே அவிழ்ந்துபோகும்.

பார்ன்ஸ் பிளேசில் வாழ்ந்து 2008இல் இந்த நகரத்திலேயே காலமான ஆர்தர் சி. கிளார்க்கின் 'சொர்க்கத்தின் நீரூற்றுகள்' 1979இல் வந்தது. விண்வெளிக்கு மின்தூக்கி கட்டும் கதை. அதற்காக இலங்கையைத் தெற்கே 800 கிலோமீற்றர் நகர்த்தி, தப்ரபேன் என்று பெயரிட்டார். பூமியோடு சேர்ந்து சுழன்று, நமக்கு அசையாமல் தெரியும் செய்மதி நிலநடுக்கோட்டுக்கு மேலே, சுமார் 35,786 கிலோமீற்றர் உயரத்தில்தான் நிற்கமுடியும். மின்தூக்கி ஏறும் கேபிள் அந்தச் செய்மதியிலிருந்துதான் தொங்கும்; ஆகவே கேபிளின் அடியும் அதற்கு நேர்கீழே இருந்தால் வசதி. கொழும்பு இருப்பது ஏழு பாகைக்குச் சற்றுக் குறைந்த வடக்கில். ஒரு பாகைக்கு 111 கிலோமீற்றர் வைத்துப் பெருக்கிப் பாருங்கள், அந்த 800 எங்கிருந்து வந்தது என்று தெரியும். சிவனொளிபாதமலையின் உயரத்தையும் இரட்டிப்பாக்கி, சிகிரியாவுக்குக் கிட்டக் கொண்டுவந்தார். இந்த மாற்றங்களையெல்லாம் பின்னுரையில் அவரே ஒப்புக்கொள்கிறார். நாவலை முடிக்கும்வரை அந்தப் பக்கம் போகாதீர்கள்.