முதல் பணம் என்றைக்குக் கைக்கு வரும்?

வணக்கம். ஜெர்மனியில் படிக்கப் போகிற பிள்ளைகளுக்குச் செலவுக் கணக்கு பற்றி ஒரு கால் மணி நேரம் பேச வேண்டும் என்று ரேடியோ நிலையத்திலிருந்து கூப்பிட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கெம்னிட்ஸ் என்கிற ஜெர்மன் ஊரில் நான் படிக்க இருந்த மூன்று வருடமும் என் அறையில் ரேடியோ கிடையாது, டிவி கிடையாது. ஆனாலும் மாதம் 18 யூரோ 36 சென்ட் வீதம் ரேடியோவுக்கும் டிவிக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன். அங்கே அது வீட்டுக்கு வீடு கட்டாயம், உன்னிடம் பெட்டி இருக்கிறதா இல்லையா என்றெல்லாம் கேட்க மாட்டார்கள். நகராட்சியில் பேரைப் பதிந்தால் போதும், கொஞ்ச நாளில் கடிதம் வீடு தேடி வந்துவிடும், மூன்று மாதத்துக்கு 55 யூரோ 8 சென்ட் என்று. அப்படிக் கட்டினவனைக் கூப்பிட்டு இன்றைக்கு ரேடியோவிலேயே பேச வைத்திருக்கிறார்கள், நல்லது.

ஊர் திரும்பியதிலிருந்து தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "மாதம் எவ்வளவு ஆகும் தம்பி?" இதற்குப் பதில் சொல்வது சுலபம். ஜெர்மன் அரசே ஒரு தொகை சொல்லியிருக்கிறது. விசா வேண்டுமென்றால் ஒரு வருடச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே ஒரு கணக்கில் போட்டுப் பூட்டிக் காட்ட வேண்டும், பிளாக்டு அக்கவுண்ட் என்று நம் பிள்ளைகள் சொல்வார்களே, அது. நான் போன 2022-இல் அது 10,332 யூரோ, மாதத்துக்கு 861 வீதம் திறந்துவிடுவார்கள். 2024 செப்டம்பரிலிருந்து 11,904, மாதம் 992. யூரோ நூறு ரூபாயைத் தாண்டி நிற்கிற இந்த நேரத்தில் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் போகிறது.

992 போதுமா? கெம்னிட்ஸ் மாதிரி ஊரில் போதும், மிச்சமும் பிடிக்கலாம். கிழக்கே சாக்சனி மாநிலத்தில் இருக்கிற பழைய தொழிற்சாலை ஊர் அது, 1953-லிருந்து 1990 வரை கார்ல் மார்க்ஸ் ஷ்டாட் என்றுதான் பெயர், இப்போதும் நடு ஊரில் மார்க்ஸின் தலை மட்டும் 7 மீட்டர் உயரத்துக்கு முறைத்துக்கொண்டு நிற்கிறது. என் ஹாஸ்டல் அறை வாடகை 238 யூரோ. முனிக்கில் நாலு பேர் சேர்ந்து இருக்கிற வீட்டில் ஒரே ஒரு அறைக்கு 700, 800 என்று கேட்பார்கள், அங்கே 992 காணாது. ஆக, ஊரைப் பொறுத்தது. ஆனால் இந்த மாதக் கணக்கு அல்ல என்னைப் படுத்தியது. எந்தப் பணம் எந்தத் தேதியில் வரும், எது எந்தத் தேதியில் போகும் என்று யாரும் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. அதைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்தேன்.

நான் கெம்னிட்ஸில் இறங்கியது 2022 அக்டோபர் 1, சனிக்கிழமை ராத்திரி. மறுநாள் ஞாயிறு, நாடு முழுக்கக் கடைகள் அடைப்பு. அதற்கு மறுநாள் அக்டோபர் 3, இரண்டு ஜெர்மனியும் ஒன்றான நாள், அரசு விடுமுறை, அன்றைக்கும் அடைப்பு. இறங்கினதும் இரண்டு நாள் பந்த் மாதிரி. ரயில்வே ஸ்டேஷனில் பேக்கரி மட்டும் திறந்திருந்தது. ரொட்டியை வாங்கி, அம்மா கட்டிக்கொடுத்த பருப்புப் பொடியை அதன் மேல் தூவி, குழாய்த் தண்ணீர் குடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் (தாராளமாகக் குடிக்கலாம்) பாட்டில் தண்ணீரை வாங்கி வாங்கிக் குடித்து ஒப்பேற்றினேன். அந்த பாட்டில்களையும் குப்பையில் போட்டுவிட்டேன். ஒவ்வொன்றிலும் 25 சென்ட் டெபாசிட் இருப்பது ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. சூப்பர் மார்க்கெட் வாசலில் ஒரு மெஷின் இருக்கும், அதன் வாய்க்குள் காலி பாட்டிலைப் படுக்க வைத்தால் உருட்டிப் பார்த்து விழுங்கிக்கொள்ளும், கடைசியில் ஒரு சீட்டு வரும், அதைக் கவுண்டரில் கொடுத்தால் காசு. லேபிள் கிழிந்திருந்தாலோ நசுங்கியிருந்தாலோ வெளியே துப்பிவிடும். மலிவு பிராண்டு தண்ணீருக்கு உள்ளே இருக்கிற தண்ணீரை விட பாட்டிலுக்குத்தான் விலை ஜாஸ்தி.

சரி, பெரிய கதைக்கு வருகிறேன். பிளாக்டு அக்கவுண்டில் பணம் இருக்கிறது, என் பேரில்தான் இருக்கிறது, ஆனால் எடுக்க முடியாது. எடுக்க அங்கே ஒரு சாதாரண வங்கிக் கணக்கு வேண்டும். நான் போன வங்கியில் கணக்குத் திறக்க நகராட்சியில் முகவரி பதிந்த தாள் கேட்டார்கள். முகவரி பதிய வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட ஒரு படிவம் வேண்டும், இன்னார் என் வீட்டில் இத்தனாம் தேதி குடிவந்தார் என்று. அந்தப் படிவத்துக்கு முதலில் வீடு வேண்டும். ஹாஸ்டல் அறை எனக்கு நவம்பர் 1-லிருந்துதான் கிடைத்தது. அதுவரை ஒரு சீனியர் அண்ணன் அறையில் தரையில் படுத்திருந்தேன், அவரிடமிருந்து எனக்குப் படிவம் கிடைக்கவில்லை. குடிவந்த இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம், ஆனால் பதிய அப்பாயிண்ட்மெண்ட் கிடைக்க வேண்டுமே.

நவம்பர் இரண்டாம் வாரம் பதிந்தேன். கணக்குக்கு விண்ணப்பித்தேன். ஏடிஎம் கார்டு ஒரு கடிதத்திலும் பின் நம்பர் வேறொரு கடிதத்திலும் வரும் என்றார்கள். பின் நம்பரும் வரவில்லை, கார்டும் வரவில்லை. பத்து நாள் பார்த்துவிட்டு விசாரித்தால், இரண்டுமே திரும்பிப் போய்விட்டதாம். முகவரி சரி, அறை எண் சரி. அப்புறம் என்ன?

தபால் பெட்டியில் ஒட்டியிருந்த பெயர். அங்கே தபால்காரர் பெட்டியில் இருக்கிற பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார், பெயர் இல்லையென்றால் திருப்பிவிடுவார். நான் பெட்டியில் என் பெயரை அழகாக எழுதி ஒட்டியிருந்தேன். நம் ஊர்ப் பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற இடத்தில் அப்பா பெயரைத்தானே போடுகிறோம்? வங்கிக் கடிதம் 'ஹெர்' என்று மரியாதையாக ஆரம்பித்து அப்பா பெயருக்கு வந்திருக்கிறது. தபால்காரர் அந்தப் பெயரைத் தேடியிருக்கிறார், அப்படி ஒரு ஆளே அந்தக் கட்டிடத்தில் இல்லை. அன்றைக்கு ராத்திரியே என் பெயருக்கு மேலே அப்பா பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டினேன். போனில் சொன்னபோது அப்பாவுக்கு ஒரே சந்தோஷம், ஜெர்மனியில் வீட்டுக்கு என் பேரை வைத்திருக்கிறான் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டார்.

பிளாக்டு அக்கவுண்டிலிருந்து முதல் 861 வந்தபோது டிசம்பர் 5. இரண்டு மாதத்துக்கும் மேல், திருச்சியிலிருந்து ஃபாரெக்ஸ் கார்டில், அதாவது வெளிநாட்டுப் பணம் ஏற்றிய கார்டில், எடுத்துப் போன 1,400 யூரோவில் ஓட்டினேன். அதில் ஹாஸ்டல் டெபாசிட், நவம்பர் வாடகை, கம்பளி, குளிர் கோட்டு, குக்கர். இது போதாதென்று ஹெல்த் இன்சூரன்ஸ்காரர்கள் அக்டோபரிலிருந்து கணக்குப் போட்டு மூன்று மாத பிரீமியத்தைச் சேர்த்து டிசம்பரில் பிடித்துக்கொண்டார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை. விட்டுவிட்டார்கள் போல என்று நினைத்துச் சும்மா இருந்தது நான்.

இப்போது ஆன்லைனில் கணக்குத் திறப்பது கொஞ்சம் சுலபமாகியிருக்கிறது, எல்லோருக்கும் என் அளவுக்கு இழுக்காது. இருந்தாலும் போகிற பிள்ளை கையில் மூன்று மாதத்துக்கு ஆகிற பணத்தைத் தனியாகக் கொடுத்து அனுப்புங்கள், பிளாக்டு அக்கவுண்டில் பன்னிரண்டு லட்சம் போட்டாயிற்றே என்று கையை விரித்துவிடாதீர்கள்.

இன்சூரன்ஸ் என்றதும் ஒன்று. மாணவர் பிரீமியம் இப்போது மாதம் 140 யூரோவைத் தாண்டிவிட்டது, அதுவும் 30 வயதுக்குள் இருந்தால்தான். ஐந்தாறு வருடம் வேலை பார்த்துவிட்டுப் படிக்கப் போகிற அண்ணன் அக்காக்கள் இதைக் கட்டாயம் விசாரித்துவிட்டுப் போக வேண்டும், முப்பது தாண்டினால் அந்தச் சலுகைக் கட்டணம் கிடையாது.

படிப்புக் கட்டணம் பற்றி நீட்டவில்லை. அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் இல்லை, செமஸ்டருக்கு ஒரு சின்னத் தொகைதான், பல ஊர்களில் அதற்குள்ளேயே பஸ், ரயில் பாஸும் வந்துவிடும். பாடன் வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் மட்டும் நம்மைப் போன்றவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. முனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-லிருந்து வாங்க ஆரம்பித்துவிட்டது. ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்று போஸ்டரில் போட்டுவிட்டு, உள்ளே போனால் வருடத்துக்குப் பத்து லட்சம் கேட்கிற தனியார் கல்லூரியில் சேர்த்துவிடுகிற ஏஜெண்டுகள் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள். அவ்வளவுதான் சொல்வேன்.

சாப்பாடு பயப்படுகிற அளவுக்கு இல்லை. மென்சா என்று பல்கலைக்கழகக் கேண்டீன், மாணவர் கார்டைக் காட்டினால் மூன்று, நான்கு யூரோவில் ஒரு வேளை முடிந்துவிடும். சைவம் கிடைக்கும், காரம் கிடைக்காது. வீட்டில் சமைத்தால் மாதம் 150லிருந்து 180க்குள் நான் முடித்திருக்கிறேன். மைசூர்ப் பருப்பும் கொத்தமல்லிக் கட்டும் துருக்கிக் கடையில் மலிவு, அரிசியை ஆசியக் கடையில் மூட்டையாக வாங்கி நாலு பேர் பிரித்துக்கொள்வோம். இட்லி மாவு அந்தக் குளிரில் பொங்காது, ஓவன் அடுப்புக்குள் வைத்து அதன் லைட்டை மட்டும் போட்டுவிட்டால் விடிவதற்குள் பொங்கிவிடும். ஊரிலிருந்து போகும்போது நெய், பால்கோவா, கறித் தொக்கு வகைகள் எல்லாம் பெட்டியில் வைக்காதீர்கள் (கருவாடு பரவாயில்லை), பால், இறைச்சிப் பொருள்கள் வெளியிலிருந்து ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகத் தடை. விமான நிலையத்தில் பிடித்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா என்றெல்லாம் எடுத்துச் சொல்ல முடியாது, குப்பைக்குத்தான் போகும்.

அடுத்து ஹீட்டர். இரண்டாவது வருடம் ஹாஸ்டலை விட்டு மூன்று பேர் சேர்ந்து தனி வீட்டுக்குப் போனோம். வாடகையோடு ஹீட்டருக்கும் தண்ணீருக்கும் மாதாமாதம் ஒரு தொகை வாங்கிக்கொள்வார்கள், அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். அது வெறும் அட்வான்ஸ். வருடம் முடிந்து எவ்வளவு எரித்தோம் என்று பார்த்துக் கணக்கு அனுப்புவார்கள், அனுப்ப அவர்களுக்கு அடுத்த பன்னிரண்டு மாதம் வரை அவகாசம் உண்டு. 2023-க்கான கணக்கு எங்களுக்கு வந்தது 2024 நவம்பரில். என் பங்கு மட்டும் 190 யூரோ. காரணம் வெட்கக்கேடு. ஹீட்டர் திருகியில் 1 முதல் 5 வரை எண் இருக்கும், 5-இல் வைத்தால் சீக்கிரம் சூடாகும் என்று நாங்கள் 5-இலேயே வைத்திருந்தோம். அப்படி இல்லை. 3 என்றால் ஏறக்குறைய 20 டிகிரி, 5 என்றால் இன்னும் மேலே போய்த்தான் நிற்கும், வேகம் ஒன்றும் கூடாது. மேலே ஜன்னலையும் கொஞ்சம் சாய்த்துத் திறந்து வைத்திருந்தோம், சாம்பார் வாசனை போகட்டும் என்று. ஜன்னலை முழுசாகத் திறந்து, ஐந்து நிமிடம் காற்றை மாற்றிவிட்டு மூட வேண்டும், அந்த நேரம் ஹீட்டரை அணைத்துவிட வேண்டும். சரி, செலவு ஆகிறதே என்று ஜன்னலையே திறக்காமல் இருந்தால் குக்கர் ஆவி எல்லாம் சுவரில் இறங்கி, கட்டிலுக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும், அதற்கும் டெபாசிட்டில் கை வைப்பார்கள்.

பார்ட் டைம் வேலை கேட்பீர்கள். மணிக்குக் குறைந்தபட்சக் கூலி நான் இறங்கிய அன்றைக்குத்தான் 12 யூரோ ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 13 யூரோ 90. நல்ல காசுதான். வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் செய்யலாம். ஆனால் முதல் வேலை கிடைக்க எனக்கு ஏழு மாதம் ஆனது, ஜெர்மன் மொழி வராததால். கிடைத்ததும் கிடங்கில் பார்சல் அடுக்குகிற வேலை, விடியற்காலை நாலு மணிக்கு. காலை ஒன்பது மணி வகுப்பில் நான் எத்தனை நாள் கண் திறந்திருந்தேன் என்பதை வாத்தியாரைத்தான் கேட்க வேண்டும். விளைவு, இரண்டு பாடத்தில் அரியர். இரண்டு வருட மாஸ்டர்ஸ் மூன்று வருடம் ஆனது, நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் அப்படித்தான் ஆகிறது என்பது நான் கண்ணால் பார்த்தது. அந்த மூன்றாவது வருடத்துக்கான பணம் யாருடைய கடன் விண்ணப்பத்திலும் இருப்பதில்லை. விசாவை நீட்டிக்கப் போனால், வருடச் செலவுக்கு என்ன வழி என்று மறுபடியும் காட்டச் சொல்வார்கள். கணக்கில் பணமோ வேலை ஒப்பந்தமோ கையில் வேண்டும். வீட்டில் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள், மகன் திடீரென்று போன் செய்து கேட்கும்போது நகையைத் தேட வேண்டியிருக்காது.

நான் போன செப்டம்பரில் வீட்டைக் காலி செய்துவிட்டு வந்துவிட்டேன். நகராட்சியில் பெயரை நீக்கினேன், ரேடியோ காசையும் எழுதிப் போட்டு நிறுத்தினேன். டெபாசிட் 540 யூரோ இன்னும் வரவில்லை. கடைசி வருட ஹீட்டர் கணக்கைப் பார்த்துவிட்டு அனுப்புகிறேன் என்று வீட்டுக்காரர் எழுதியிருக்கிறார். அது வருகிற வரைக்கும் அந்த வங்கிக் கணக்கை மூட முடியாது, மாதம் நாலு யூரோ தொண்ணூறு சென்ட் அதற்குப் போய்க்கொண்டிருக்கிறது. நன்றி, வணக்கம்.