பிளேன் ஏறாத நாம் ஏன் கொடுக்க வேண்டும்?

(ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியது)

தோழர்களே, அக்காமாரே, தம்பி தங்கைகளே,

உள்ளே வரும்போது வாசலில் ஓர் அக்கா என் கையைப் பிடித்துக் கேட்டார்: "பிளேன் ரிப்பேர் பண்றவங்களுக்கு நாங்களா காசு குடுக்கணும்? அவங்க சம்பளம் என்ன, எங்க சம்பளம் என்ன?" நாள் முழுக்க மலையில் நின்றும் கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், வாங்குகிறவர் கேட்கிறார். தட்டிக்கழிக்கக் கூடாத கேள்வி. தொழில் பிணக்கில் நிற்கும் அந்த விமானப் பொறியியலாளர்கள் உதவி நிதி கேட்டு எழுதிய கடிதத்தைத் தலைவர் வாசித்துவிட்டார். நான் அக்காவுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

பழுதுபார்த்த விமானம் பறக்கத் தகுந்தது என்று உரிமம் பெற்ற ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் விமானம் கிளம்பாது. இவ்வளவு பலம் உள்ளவர்களுக்கு நம் உதவி எதற்கு என்று தோன்றும். சரி, 2005இல் அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள்.

நோர்த்வெஸ்ட் என்ற விமானக் கம்பனியில் மெக்கானிக்குகளும் துப்புரவுத் தொழிலாளர்களுமாக ஏறக்குறைய 4,400 பேர் ஓகஸ்ட் 20ஆம் திகதி வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சம்பளத்தில் கால்வாசியை வெட்டவும், பாதிப் பேரளவில் வேலையை விட்டு அனுப்பவும் கம்பனி பிடிவாதமாக நின்றது. அவர்கள் இடத்துக்கு ஆட்களையும் முன்கூட்டியே தயார் செய்து வைத்திருந்தது. சங்கத்திடமோ வேலைநிறுத்த நிதி என்று ஒன்று இல்லை. இன்னொன்றும் உண்டு, அதுதான் என்னை அதிகம் வருத்துவது. அந்த மெக்கானிக்குகள் சில வருடங்களுக்கு முன் ஒரு பெரிய சங்கத்தை விட்டுப் பிரிந்து வந்தவர்கள். அந்தக் கசப்பு ஆறியிருக்கவில்லை. விமானிகளும் பொதி ஏற்றுகிறவர்களும் மறியல் வரிசையைத் தாண்டி வேலைக்குப் போனார்கள். விமானங்கள் பறந்தன. கையெழுத்தின் பலம் போதவில்லை. அடுத்த வருடம் நவம்பரில் போராட்டம் தோல்வியில் முடிந்தது. ஒரே லயத்தில், ஒரே வரிசை வீடுகளில், நாலு சங்கம் வைத்திருக்கும் நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

அவர்களுக்காகப் பையைத் திறந்தது யார் தெரியுமா? கார் தொழிலாளர்களின் சங்கம். 880,000 டொலர் கொடுத்தது. ஆளுக்கு 200 டொலர் கணக்கு. அப்போது கார் தொழிற்சாலைகளே ஆட்டம் கண்டிருந்தன. அப்படியிருந்தும் கொடுத்தார்கள்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். 2021இல் குறைந்தபட்சச் சம்பளத்தைத் தீர்மானிக்கும் சம்பளச் சபை ஊடாக 1,000 ரூபா நாட்சம்பளம் வந்தபோது தோட்டக் கம்பனிகள், சங்கங்களோடு செய்திருந்த கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகின. சம்பளத்தில் சந்தா பிடித்துச் சங்கங்களுக்கு அனுப்புவதையும் நிறுத்தின. நம் சங்கப் பெட்டியின் சாவி இத்தனை காலமும் தோட்ட ஆபீசில் தொங்கியது அப்போதுதான் பலருக்கு விளங்கியது. கையால் வாங்கி, கையால் எழுதிவைக்கும் காசு அப்படி நின்றுபோகாது. அதனால்தான் உங்கள் வரிசைகளில் வரும் இந்த உண்டியல் டின்.

1984 ஏப்ரல் வேலைநிறுத்தத்தின்போது நான் சின்னப் பிள்ளை. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் வாங்கித் தந்த போராட்டம் அது. வீட்டில் அரிசிப் பானையைச் சுரண்டும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அப்பா பேசவே மாட்டார். டவுன் கடைக்காரர் ஒருவர் அம்மாவுக்குக் கடனாக அரிசி அளந்து போட்டார். அவர் ஒருநாளும் கொழுந்துக் கூடை கட்டியவர் அல்ல. "உங்களுக்கும் எனக்கும் என்ன?" என்று அவர் கேட்டிருந்தால் அம்மா மறுநாளே பெரட்டுக்கு, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க, போயிருப்பார். வேறு வழி இருந்திருக்காது. அக்கா, என் பதில் அந்தக் கடைக்காரர்தான்.

டின் மூன்றாவது வரிசைக்கு வந்துவிட்டது என்று நினைக்கிறேன். இருபது ரூபா போட்டாலும் போதும். முடியாதவர்கள் அடுத்தவரிடம் தள்ளிவிடுங்கள், யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். சந்தாக் காசு எங்கே போனது என்று கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள் நீங்கள். அதனால் வாசல் மேசையில் இருக்கும் தங்கச்சியிடம் தொகையைச் சொல்லி எழுத வையுங்கள், பற்றுச்சீட்டு வாங்காமல் போகாதீர்கள். மொத்தக் கணக்கை அடுத்த கூட்டத்தில் இதே மைக்கில் வாசிக்கிறோம்.