எலுமிச்சம்பழம் பிரேக் பிடிக்குமா?

நடுவர் அவர்களே, வணக்கம். நிச்சயமில்லாத வாழ்க்கையில் மனிதரைத் தாங்குவது அறிவா, நம்பிக்கையா என்பது தலைப்பு. நாங்கள் நம்பிக்கை அணி. எதிரணி அம்மா சற்றுமுன் ஒரு கேள்வி கேட்டுக் கைதட்டல் வாங்கினார்: "லாரி டயருக்கடியில் வைக்கிற எலுமிச்சம்பழம் பிரேக் பிடிக்குமா?"

பிடிக்காதும்மா. எங்கள் சேலம் மாவட்டத்துச் சங்ககிரி லாரி டிரைவர் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்புகிற அதே ஆள்தான் டயரைத் தட்டிப் பார்க்கிறார், ஆயில் பார்க்கிறார், தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டுகிறார். எதிரே வருகிற வண்டிக்காரன் தூங்கி வழிகிறானா என்பதை எந்த மெக்கானிக் பார்த்துச் சொல்வார்? அந்த மிச்சத்துக்குத்தான் பழம்.

சேலத்துக்காரன் புத்தி இது என்று சிரிக்காதீர்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் நியூ கினிக்குப் பக்கத்து ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கி ஆராய்ந்தார். கரையோரக் காயலில் மீன் நிச்சயம், ஆபத்தும் இல்லை. அங்கே மந்திரம் கிடையாது. திறந்த கடலுக்குப் போகும்போதுதான் விரிவான சடங்கு. அதற்காகப் படகைச் சரியாகக் கட்டாமல் விட்டார்களா? இல்லையே!

சரி, அம்மைக்கு வருவோம். தடுப்பூசிதான் பெரியம்மையை ஒழித்தது. 1980-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது; எங்களுக்கும் அதில் சந்தோஷம்தான். ஆனால் ஊசி வந்து சேராத காலத்தில் அம்மை கண்ட வீடு என்ன செய்திருக்கும்? வாசலில் வேப்பிலை, அடுப்பில் தாளிப்பு இல்லை, வெளியாள் உள்ளே வரக் கூடாது, இறங்கியதும் தலைக்குத் தண்ணீர். மருந்தே இல்லாத நோய்க்கு முன்னால், கை பிசைந்து நின்ற தாய்க்குச் செய்ய ஒரு வேலை இருந்தது. கொப்புளம் மூடிய பிள்ளையை அருவருத்து ஒதுக்காமல், அம்மன் இறங்கிய உடம்பாகப் பார்க்க வைத்தது அந்த நம்பிக்கை.

நோய் போய் இத்தனை வருடம் ஆகியும் ஆடியில் சேலம் கோட்டை மாரியம்மன் கோயிலில் நிற்க இடமில்லை. பெரியம்மை போனது, பயம் எங்கே போனது? பிரசவம் இருக்கிறது, கடன் இருக்கிறது, வெளியூர் போன மகன் இருக்கிறான். ஏற்காட்டுக் காப்பித் தோட்டக்காரர் மண்ணைப் பரிசோதித்து உரம் போடலாம். கோடை மழை தவறினால் மொட்டு விரியாதே! அப்போது சேர்வராயன் கோயில் பக்கம் கை தானாகக் குவியும்.

பாம்பு கடித்தவனை ஆஸ்பத்திரிக்குப் போக விடாமல் மந்திரிக்க உட்கார வைக்கிறவன் எங்கள் அணி இல்லை. வழி தெரிந்த இடத்திலேயே மறித்துக் கடை போடுகிறவன் அவன். அவனை வெளுக்க எதிரணி கூப்பிட்டால் மேடையை விட்டு இறங்கி நானும் வருகிறேன். தீர்ப்பு எழுதும்போது அவனை எங்கள் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள், நடுவர் அவர்களே.