உருண்டோடிய தலையும் மேசைமேல் ஏற்றப்பட்ட சிறுமியும்: ஒரு கோட்டை ஊரின் பிள்ளைகள்

வணக்கம். தரையெல்லாம் பனி உறைந்து கிடக்கும் ஒரு குளிர்கால நாளில், மருத்துவத் தொழில் பழகும் ஓர் இளைஞன் கோட்டைக் குன்றிலிருந்து இறங்கி வருகிறான். அவன் பைக்குள் ஒரு மனிதத் தலை இருக்கிறது. கால் வழுக்கிப் பை நழுவியதும், அந்தத் தலை சரிவில் துள்ளித் துள்ளி உருண்டு, கீழேயிருந்த ஒரு வீட்டுக்குள் புகுந்துவிடுகிறது. பின்னாலேயே ஓடிய இளைஞன், வீட்டாருக்கு ஒரு சொல் விளக்கம் கூடச் சொல்லாமல் அதை அள்ளிக்கொண்டு ஓட்டமெடுக்கிறான்.

[திரையில்: குன்றின்மேல் கோட்டை, அதன் கீழே ஊர்]

இது வடமேற்கு இங்கிலாந்தில் லூன் ஆற்றங்கரையில் உள்ள லான்காஸ்டர். ரோமானியர் முகாமிட்டிருந்த குன்றில் பின்னாளில் நார்மானியர் கோட்டை எழுப்பினர், 1400ஆம் ஆண்டையொட்டி மாபெரும் வாயிற்கோபுரம் எழுந்தது. வரலாற்றுப் பாடம் இவ்வளவு போதும். கோட்டை என்றதும் நமக்கு அரியணையும் அந்தப்புரமும்தான் நினைவுக்கு வரும். லான்காஸ்டர் பிள்ளைகளுக்கோ கோட்டை என்றால் சிறைச்சாலை. 2011 வரை அங்கே கைதிகள் அடைக்கப்பட்டிருந்தார்கள் என்பதால், தொண்ணூறுகளில் அந்த ஊரில் வளர்ந்த ஒருவருக்குக் கூட, தலைக்குமேல் தெரிந்த அந்த மதில் வேடிக்கை பார்க்கும் பழம்பொருளாக மட்டும் இருந்திருக்க முடியாது.

தலையைத் தொலைத்த இளைஞனுக்கு வருவோம். 1804இல் அதே ஊரில் பிறந்து, 1820இல் உள்ளூர் அறுவை மருத்துவர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தவர் அவர். கோட்டைச் சிறையில் இறந்தவர்களின் பிணக்கூறாய்வுகளே அவருக்கு உடற்கூற்றியல் பாடமாயின. மண்டையோடுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசையில்தான் அந்தத் தலையையும் எடுத்துச் சென்றார். அவரே பிற்காலத்தில் சொன்ன கதை இது என்பதால், உருண்ட தூரத்தில் கொஞ்சம் உப்பும் காரமும் சேர்ந்திருக்கலாம் என்பது என் சந்தேகம். ஆனால் எலும்பின்மீது அவருக்கிருந்த பித்தில் சந்தேகமே இல்லை. 1842இல் ‘டைனோசர்’ என்ற சொல்லை உலகுக்குத் தந்த ரிச்சர்டு ஓவன்தான் அவர்.

இன்னொன்றையும் கேளுங்கள். அவருக்குப் பத்து ஆண்டு மூத்தவராக, அதே லான்காஸ்டரில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்த வில்லியம் ஹியூவெல்தான் ‘சயின்டிஸ்ட்’ என்ற சொல்லை உருவாக்கினார். மின்சாரத்தை ஆராய்ந்த மைக்கேல் பாரடே கேட்டுக்கொண்டதற்காக, மின்சாரம் நுழையும், வெளியேறும் மின்முனைகளுக்கு ‘ஆனோடு’, ‘கேத்தோடு’ என்ற சொற்களை யோசித்துக் கொடுத்தவரும் அவரே. ஒரு சிறிய ஊரில் இப்படி இரண்டு பேர்! அந்த ஊர்த் தண்ணீர் அப்படியோ என்னவோ. இப்படிச் சொல் பெற்றெடுத்த வேறு ஊர் ஏதேனும் உங்களுக்குத் தெரிந்தால் கீழே எழுதுங்கள்.

ஆனால் இந்தக் கோட்டையை எண்ணும்போதெல்லாம் எனக்கு நினைவில் வருபவள், அதே வட்டாரத்துப் பெண்டில் மலைப் பகுதியிலிருந்து அங்கே கொண்டுவரப்பட்ட ஜென்னெட் டிவைஸ் என்னும் ஒன்பது வயதுச் சிறுமி. 1612 ஆகஸ்டில் கோட்டையிலேயே நடந்த வழக்கு விசாரணையில், சூனியம் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட தன் தாய்க்கு எதிராகவே அவள் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. மகளைக் கண்டதும் தாய் கத்திக் கூச்சலிட, அவரை வெளியே இழுத்துச் சென்றார்கள். சிறுமி கூட்டத்தில் மறைந்துவிடக் கூடாதென்று அவளைத் தூக்கி ஒரு மேசைமேல் நிறுத்தினார்கள். அங்கே நின்றபடி அவள் சொன்னதைக் கேட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகஸ்ட் 20 அன்று தூக்கிலிடப்பட்ட பத்துப் பேரில் அவளுடைய தாய், அண்ணன், அக்கா மூவரும் இருந்தனர்.

[திரை இருள்கிறது]

இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, பத்து வயதுச் சிறுவன் ஒருவன் சூனியக்காரிகள் என்று சிலரைக் கைகாட்டினான். சிக்கியவர்களில் ஒருத்தியின் பெயர் ஜென்னெட் டிவைஸ். அதே ஜென்னெட்தானா என்பது உறுதியாகவில்லை. சிறுவன் தான் சொன்னது பொய்யென்று ஒப்புக்கொண்ட பின்னும், 1636ஆம் ஆண்டின் லான்காஸ்டர் கோட்டைக் கைதிகள் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறது.