தனக்கே ஓட்டுப் போட முடியாமல் தேர்தலில் ஜெயித்த டீச்சர்

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஒரு டீச்சரைப் பற்றிப் பேசலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பெயர் ஜெஸ்ஸி ஃபீல்ட். அமெரிக்காவில் ஐயோவா மாநிலம், பேஜ் கவுண்டி. கவுண்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. 1881இல் ஷெனண்டோவா ஊர்ப்பக்கம் பிறந்தவர். அண்ணன் ஹென்றி விதை வியாபாரத்தில் பெரிய பெயர் எடுத்தவர், பிற்பாடு சொந்தமாக ரேடியோ நிலையமே நடத்தினார். விதையோடு வளர்ந்த குடும்பம்.

1901இல் கோல்டன்ராட் என்கிற கிராமத்துப் பள்ளியில் இவருக்கு வேலை. ஒரே அறை, எல்லா வகுப்பும் அதற்குள்ளேயே. அங்கே பையன்களுக்கு மக்காச்சோளக் கிளப், பெண் பிள்ளைகளுக்கு வீட்டுக் கலைக் கிளப் என்று ஆரம்பித்தார். அந்தப் பிரிவினை எனக்குப் பிடிக்கவில்லைதான், ஆனால் காலம் அப்படி.

அப்புறம் கல்லூரிப் படிப்பை முடித்து, விஸ்கான்சின், மொன்டானா என்று வெளியே வேலை பார்த்துவிட்டு, 1906இல் ஊர் திரும்பி கவுண்டிப் பள்ளிகளின் கண்காணிப்பாளர் ஆனார். மேலிடத்தில் இருந்து நியமிக்கும் பதவி இல்லை இது. தேர்தலில் நின்று ஜெயிக்க வேண்டும். கூத்தே இங்கேதான். பெண்கள் இந்தப் பதவிக்கு நிற்கலாம் என்று ஐயோவா 1876லேயே சட்டம் போட்டுவிட்டது. ஆனால் அதற்கு ஓட்டுப் போடும் உரிமை பெண்களுக்கு இல்லை. முழு ஓட்டுரிமை வந்ததே 1920இல். ஆக, தனக்கென்று ஒரு ஓட்டுக்கூடப் போட்டுக்கொள்ள முடியாமல், ஆண்கள் போட்ட ஓட்டிலேயே 25 வயதில் அதிகாரி ஆனார்!

பொறுப்பில் 130 கிராமப் பள்ளிகள். குதிரை வண்டிதான். பதிவேட்டைப் புரட்டி, கையெழுத்துப் போட்டுக் கிளம்பியிருந்தால் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். இவரோ மக்காச்சோளத்தையே பாடமாக்கினார்.

கேமராவைக் கொஞ்சம் கீழே திருப்புகிறேன், பாருங்கள். இது ஒரு கதிர். இதில் சுமார் 800 மணி இருக்கும். பார்க்க மொழுமொழுவென்று இருந்தாலும், ஈரம் காயும் முன் உறைபனி பிடித்திருந்தால் முளைப்பு போயிருக்கும். வெளியே தெரியவே தெரியாது. அதனால் அடியில் இரண்டு, நடுவில் இரண்டு, நுனியில் இரண்டு என்று ஆறு மணியை இப்படி நெம்பி எடுக்க வேண்டும். கதிருக்கு ஒரு எண். ஈரத்துணியில் கட்டம் போட்டு, அதே எண் உள்ள கட்டத்தில் ஆறையும் வைத்து மூடிவிட வேண்டும். ஒரு வாரம் போல விட்டு, பிரித்துப் பார்க்கலாம். ஆறும் முளைத்தால் அந்தக் கதிர் விதைக்கு. இரண்டு மூன்று ஏமாற்றினால் மாட்டுக்குப் போட்டுவிடலாம்.

அந்தக் காலத்து விதைச் சோதனை இதுதான். இதை ஒரு வகுப்பே செய்தால் சதவீதக் கணக்கைத் தனியாக நடத்த வேண்டியதில்லை. அப்பா எந்தக் கதிரை விதைக்கலாம் என்று பையன் சொல்கிறான் என்றால், அந்தக் கணக்கை அவன் தப்பாகப் போட மாட்டான். பண்ணைக் கணக்குகளை வைத்தே பள்ளிக்கு ஒரு கணக்குப் புத்தகம் எழுதினார் ஜெஸ்ஸி. ஜனங்கள் இவரை ‘கார்ன் லேடி’ என்றார்கள். நான் படித்த கணக்குப் பாடத்தில் தண்ணீர்த் தொட்டி நிரம்பிக்கொண்டே இருந்ததுதான் ஞாபகம், அது யார் வீட்டுத் தொட்டி என்று யாரும் சொல்லவில்லை.

1910இல் பிள்ளைகளுக்கு மூன்று இலைக் க்ளோவர் (ஒரு தீவனச் செடி) வடிவில், சட்டையில் குத்திக்கொள்ளும் ஒரு பின் செய்து கொடுத்தார். இலைக்கு ஒரு ‘எச்’: தலை, கை, இதயம் என்ற மூன்றுக்கும் ஆங்கில முதலெழுத்து. நடுவில் ஒரு மக்காச்சோள மணி, அதில் ‘பேஜ்’ என்ற பெயர். நாலாவது இலை பிறகு சேர்ந்தது. அமெரிக்கா முழுக்கப் பரவிய ‘ஃபோர் எச்’ இளைஞர் இயக்கத்தின் சின்னம் இப்படித்தான் வளர்ந்தது.

இந்த இயக்கமே ஜெஸ்ஸியிடம் இருந்துதான் தொடங்கியது என்றால், ஒஹாயோ மாநிலத்துக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அங்கே ஏ. பி. கிரஹாம் 1902இல் தொடங்கிய கிளப்தான் ஆரம்பம் என்பார்கள். அவரும் பள்ளிக் கண்காணிப்பாளர்தான். ஆளுக்கொரு பக்கம் ஒரே நேரத்தில் யோசித்திருக்கிறார்கள், இதில் முதல் பரிசு யாருக்கு என்ற சண்டை எனக்கு வேண்டாம்.

1912இல் கவுண்டி வேலையை விட்டு நியூயார்க் போய், ஒய்டபிள்யூசிஏ என்கிற இளம் கிறிஸ்தவப் பெண்கள் சங்கத்தில் கிராமப் பெண்களுக்கான வேலையைக் கவனித்தார். 1917இல் கல்யாணம், ஜெஸ்ஸி ஃபீல்ட் ஷாம்பா ஆகி, பேஜ் கவுண்டியிலேயே க்ளாரிண்டாவில் குடியேறினார். 1971 ஜனவரியில் இறந்தபோது வயது 89. கவனியுங்கள், நாம் இவ்வளவு நேரம் பேசிய கண்காணிப்பாளர் வேலை மொத்தமே ஆறு வருஷம். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட அறுபது வருஷம் இருந்து, அந்தச் சின்னம் நாடு முழுக்கப் போனதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

க்ளாரிண்டா ஜாஸ் ரசிகர்களுக்கு க்ளென் மில்லர் பிறந்த ஊர். அவருக்காகப் போகிறவர்கள் அங்குள்ள நோடவே வேலி மியூசியத்தில் கோல்டன்ராட் பள்ளியையும் எட்டிப் பாருங்கள். கட்டடத்தை அங்கேதான் வைத்திருக்கிறார்கள். சரி மக்களே, அடுத்த வீடியோவில் பார்க்கலாம்.