ஃபோர்ட்டிங்கல்: உள்ளீடற்ற மரமும் ஒரு சிற்றூரும்

[காட்சி: தேவாலய முற்றம். கற்சுவருக்குள் பசுமையான யூ மரம்.]

ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயர் பகுதியில், லையன் ஆற்றின் கரையோரமாக அமைந்த ஃபோர்ட்டிங்கல் என்னும் சிற்றூருக்கு வருபவர்கள் முதலில் தேடுவது, என்றும் பசுமையான ஊசியிலை வகையைச் சேர்ந்த இந்த யூ மரத்தைத்தான். பார்த்ததும் சிலர் ஏமாற்றம் அடையக்கூடும், ஏனெனில் பேருருவான அடிமரம் இப்போது இல்லை. தரையை உற்றுப் பாருங்கள். வட்டமாக அடிக்கப்பட்டுள்ள சிறிய முளைகள், அந்த அடிமரம் ஒரு காலத்தில் எவ்வளவு தூரம் பரந்திருந்தது என்பதைக் காட்டுகின்றன. 1769-இல் அளந்தபோது அதன் சுற்றளவு 52 அடி. நடுப்பகுதி உளுத்துப் பிளந்திருந்ததால், சவ ஊர்வலங்கள் அந்தப் பிளவின் வழியாகவே சென்றனவாம். மரத்தடியில் மூட்டிய தீயும், நினைவுப் பொருளுக்காகக் கிளைகளை வெட்டிச் சென்றவர்களின் கைகளும் மரத்தைச் சிதைத்த பிறகே சுற்றுச்சுவர் எழுந்தது.

மரத்தின் வயது 2,000 முதல் 3,000 ஆண்டுகள் வரை இருக்கலாம் என்பது பலரும் ஏற்கும் மதிப்பீடு. வயதைச் சொல்லும் உள்வளையங்கள் மட்கிப் போனதால் எண்ணிப் பார்க்க வழியில்லை. ஏசுவுக்குத் தண்டனை விதித்த பொந்தியு பிலாத்து இம்மர நிழலில் பிறந்தார் என்ற கதைக்கு எந்த ஆதாரமும் இல்லை. அந்தக் கதை இல்லாமலேயே இந்த மரம் வியப்புக்குரியது என்பேன்.

[காட்சி: வயல்வெளி. உச்சியில் ஒற்றைக் கல் நிற்கும் மேடு.]

இது கார்ன் நா மார்வ், அதாவது இறந்தோர் மேடு. வெண்கலக் காலத்து ஈமமேடாகக் கருதப்படும் இதில், 14-ஆம் நூற்றாண்டின் கொள்ளைநோயில் மாண்டவர்களை, வெள்ளைக் குதிரை பூட்டிய சறுக்கு வண்டியில் மூதாட்டி ஒருவர் கொண்டுவந்து சேர்த்தார் என்பது ஊர் வழக்கு. குளிர்காலத் தொடக்கத்தைக் குறிக்கும் ‘சவ்-இன்’ (Samhain) என்னும் திருநாளில் மக்கள் இம்மேட்டின் மீது பெருந்தீ வளர்த்து, கைகோத்துச் சுற்றிவந்தார்கள். அந்த வழக்கம் 1924-இல் நின்றுபோனது.

[காட்சி: கூரை வீடுகள்.]

நாணல் வேய்ந்த இவ்வீடுகள் பழமையானவைபோலத் தோன்றினாலும், கப்பல் நிறுவன உரிமையாளர் சர் டொனால்ட் கரி 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் மக்லாரனைக் கொண்டு எழுப்பியவை.

[காட்சி: மீண்டும் மரம். உச்சிக் கிளை.]

இது ஆண்மரம், மகரந்தம் மட்டுமே தரும். ஆனால் 2015-இல் ஒரு சிறு கிளையில் மட்டும் மூன்று சிவந்த பழங்கள் பழுத்திருந்ததை எடின்பரோ தாவரவியல் பூங்கா ஆய்வாளர்கள் கண்டார்கள். மரத்தின் மற்ற பகுதியெல்லாம் ஆணாகவே இருக்க, அந்தக் கிளை மட்டும் பெண்ணாக மாறியிருந்தது. விதைகளுக்காக அந்தப் பழங்கள் சேகரிக்கப்பட்டன.