மேரி லிவிங்ஸ்டனுக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள்?

தலைமை தாங்கும் பேராயர் அவர்களே, பேராயர் அம்மா அவர்களே, சேகர குருவானவர் ஐயா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற குருமார்களே, பெருமன்ற உறுப்பினர்களே, பெண்கள் ஐக்கிய சங்கத் தாய்மார்களே, வடக்கே பணித்தளத்திலிருந்து விடுமுறைக்கு வந்து முன்வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிற மிஷனெரித் தம்பி, தங்கச்சி, உங்கள் எல்லாருக்கும் என் அன்பின் வணக்கம்.

பேராயர் அவர்கள் காலையில் ஒரு திடப்படுத்தல் ஆராதனையை முடித்துவிட்டு, காபி கூடக் குடிக்காமல் நேராக இங்கே வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நம் சபையின் நன்றி. பாடகர் குழுப் பிள்ளைகள் அருமையாகப் பாடினார்கள். பந்தல் போட்டவர்கள், ஒலிபெருக்கி கட்டினவர்கள், விடியற்காலையிலிருந்து அசனச் சாப்பாட்டுக்காக அடுப்படியில் வெந்துகொண்டிருக்கிற அண்ணன்மார், யாரையும் நான் மறக்கவில்லை. பொருளாளர் ஐயா பேரைச் சொல்லாவிட்டால் அது பெரிய குறை. இந்த மிஷனெரிப் பண்டிகைக்கு வீடு வீடாக ஏறி இறங்கினவர் அவர்தான்.

சரி, பேச்சுக்கு வருகிறேன். ‘ஆப்பிரிக்கக் கிராமங்களில் மிஷனெரிப் பயணங்கள்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அது கடல் போன்றது என்பதால் ஒரே ஒரு குடும்பத்தை, மிஷனெரி டேவிட் லிவிங்ஸ்டனின் குடும்பத்தை, எடுத்துக்கொள்கிறேன். மூன்று காரியம் சொல்லப் போகிறேன். ஒன்று, அந்தக் குடும்பம் பட்ட பாடு. இரண்டு, அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, வழி காட்டி, சுமை தூக்கிய ஆப்பிரிக்க மக்கள். மூன்று, நாம் என்ன செய்ய வேண்டும்.

டேவிட் லிவிங்ஸ்டன் யார் என்று நம் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளிடம் கேளுங்கள். விக்டோரியா அருவியைச் சொல்வார்கள், சிங்கம் தோளைக் கடித்ததைச் சொல்வார்கள். அவருடைய மனைவி பேர் என்ன என்று கேளுங்கள். பெரியவர்களே முழிப்போம். மேரி. ராபர்ட் மொபட் என்ற பெரிய மிஷனெரியின் மூத்த மகள். 1821இல் தென் ஆப்பிரிக்காவில் பிறந்து, அந்த மண்ணிலேயே வளர்ந்தவர். செத்ஸ்வானா மொழி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஸ்காட்லாந்திலிருந்து வந்த மாப்பிள்ளைதான் அதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. 1845இல் குருமான் என்ற மிஷன் ஊரில் கல்யாணம். அப்புறம் ஊர் ஊராக மாறி, 1847இல் இன்றைய போட்ஸ்வானாவில் கொலொபெங் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பக்வேனா மக்களின் அரசர் செசேலே அங்கே இருந்தார். அவர் 1848இல் ஞானஸ்நானம் பெற்றார்.

கொலொபெங்கில் மழை பொய்த்தது. ஆறு வற்றியது. சோளம் விளையவில்லை. அந்த வீட்டில் ரொட்டி எப்படிச் சுட்டார்கள் தெரியுமா? கறையான் புற்றைக் குடைந்து, அதை அடுப்பாக்கிச் சுட்டார்கள். சோப்பு, மெழுகுவர்த்தி, வெண்ணெய் எல்லாம் மேரியின் கைவேலை. அந்த ஊர் மக்களோடு சேர்ந்து வெட்டுக்கிளியையும் பெரிய தவளையையும் குழந்தைகள் ஆசையாய்ச் சாப்பிட்டார்கள். இத்தனைக்கும் நடுவில் மேரி சிறுபிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். ஊர் அவரை மா-ராபர்ட் என்று கூப்பிட்டது, மூத்த மகன் ராபர்ட்டின் அம்மா என்று. அவர்களை அனுப்பின லண்டன் மிஷனெரி சங்கம் அந்தக் குடும்பத்துக்கு வருஷத்துக்குச் சுமார் 100 பிரிட்டிஷ் பவுண்டு கொடுத்தது. அது லிவிங்ஸ்டன் பேரில் வந்தது. பள்ளிக்கூடம் நடத்தின அம்மாவுக்கு என்று தனியாக ஒரு காசு கிடையாது.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் கிராமத்தில் சொல்வார்கள். இந்தப் பழமொழியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் சொல்வேன்.

1849இல் லிவிங்ஸ்டன் கலஹாரி பாலைவனத்தைத் தாண்டி நகாமி ஏரியைப் பார்த்துவிட்டு வந்தார். மறுவருஷம் குடும்பத்தையே கூட்டிக்கொண்டு போனார். மேரி அப்போது மாசமாக இருந்தார். ஏரிக்கரையில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்து, மேலே போக முடியாமல் திரும்பினார்கள். வீட்டுக்கு வந்து எலிசபெத் பிறந்தாள்; ஆறு வாரம்தான் இருந்தாள். மேரிக்கு முகத்தில் ஒரு பக்கம் வாதம் வந்தது. அடுத்த வருஷம், 1851இல், மறுபடியும் மாட்டு வண்டி கட்டினார்கள். மேரி மறுபடியும் மாசமாக இருந்தார்.

இந்த இடத்தை நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், தாய்மார்கள் கேட்க வேண்டும். ராபர்ட்டுக்கு ஐந்து வயது, ஆக்னஸுக்கு நான்கு, தாமஸுக்கு இரண்டு. கூட வந்தவர் ஆஸ்வெல் என்ற வெள்ளைக்கார வேட்டைக்காரர். இவர் யார் என்றால், நம் சென்னை மாகாணத்தில் கம்பெனி அதிகாரியாக இருந்துவிட்டு, உடம்பு சரியில்லாமல் தென் ஆப்பிரிக்காவின் கேப் பக்கம் போனவர். குடும்பம் வருகிறதே என்று இவர் தன் வண்டியில் ஒரு நாள் முன்னால் போய், மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் ஊற வைப்பார். பின்னால் வருகிறவர்கள் குடிப்பார்கள். நல்ல மனுஷன். ஆனால் ஒரு கட்டத்தில் தோண்டினாலும் தண்ணீர் இல்லாத நிலம் வந்தது. அந்த நிலத்தில் வழிகாட்ட ஷோபோ என்ற, புஷ்மென் பழங்குடியைச் சேர்ந்த ஆள் வந்தார். இரண்டாம் நாளே அவருக்குத் திசை தப்பிவிட்டது. இந்தப் பக்கம் போவார், அந்தப் பக்கம் போவார், உட்கார்ந்துவிடுவார். நான்காம் நாள் ஆளையே காணோம். சுற்றிலும் குட்டைச் செடியும் மணலும்தான், ஒரு பறவை இல்லை, ஒரு பூச்சி இல்லை. வண்டியில் இருந்த தண்ணீரை வேலையாள் ஒருவர் விரயம் செய்துவிட்டார். சாயங்காலம் பார்த்தால் குழந்தைகளுக்கு மட்டும் கொஞ்சம் மிச்சம். ராத்திரி போயிற்று. விடிந்தது. தண்ணீர் குறையக் குறையப் பிள்ளைகளின் தாகம் கூடுகிறது. இரண்டு வயதுப் பிள்ளைக்குப் ‘பொறுத்துக்கொள்’ என்று எப்படிச் சொல்வது? வயிற்றில் ஒன்று, மடியில் ஒன்று, முந்தானையைப் பிடித்து இழுக்க இரண்டு. கண்ணெதிரே பிள்ளைகள் செத்துவிடுவார்களோ என்று பயந்ததை லிவிங்ஸ்டனே பிற்பாடு எழுதி வைத்திருக்கிறார். மேரி தன்னைத் திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும், அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, கண்ணீர் மட்டும் நின்றது என்று எழுதுகிறார். ஐந்தாம் நாள் பிற்பகலில், தண்ணீர் தேடிப் போன ஆட்கள் தண்ணீரோடு திரும்பி வந்தார்கள். குடும்பம் பிழைத்தது.

இதைப் படித்துவிட்டு மேரியின் பொறுமையைப் புகழ்ந்து பிரசங்கம் செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பிரசங்கம் பிடிக்காது. அந்த அம்மா பேசாமல் இருந்ததைப் பாராட்டிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடுகிறோம். அவரைப் பெற்ற தாய் அப்படிப் போகவில்லை. குருமானிலிருந்து மருமகனுக்குக் காரமாக ஒரு கடிதம் எழுதினார்: ஒரு பிள்ளையைப் புதைத்தது போதாதா, மாசமாக இருக்கிறவளை மறுபடியும் காட்டுக்கு இழுத்துக்கொண்டு போகிறாயே என்று. அந்த மாமியாரும் மிஷனெரிதான், விசுவாசம் குறைந்தவர் இல்லை.

அந்தப் பயணம் சோபே ஆறு வரை போனது. செபிடுவானே என்ற மகொலோலோ அரசர் அவர்களை அன்பாய் ஏற்றுக்கொண்டார். கொஞ்ச நாளில் இறந்துபோனார். ட்செட்சி ஈ கடித்து இழுவை மாடுகள் பல செத்தன. திரும்பும் வழியில், செப்டம்பரில், ஆற்றங்கரையில் வண்டி நின்ற இடத்தில் அடுத்த பிள்ளை பிறந்தான். ஊற்றுத் தோண்டின நண்பரின் பேரையே அவனுக்கு வைத்தார்கள், வில்லியம் ஆஸ்வெல்.

1852இல் கேப் டவுனில் மனைவியையும் நான்கு பிள்ளைகளையும் கப்பல் ஏற்றிவிட்டு, லிவிங்ஸ்டன் ஆப்பிரிக்காவின் குறுக்கே நடக்கப் போனார். அவர் நடந்ததற்கு உலகம் பதக்கம் கொடுத்தது. மேரி என்ன ஆனார்? பழக்கமில்லாத குளிர் தேசம். மாமனார் வீட்டில் ஒத்துப்போகவில்லை. வீடு மாறி மாறி இருந்து, செலவுக்குப் பணம் கேட்டுச் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். கணவரைத் திரும்பப் பார்த்தது 1856 டிசம்பரில். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு, சகோதரரே! தன் உழைப்புக்குத் தன் பேரில் ஒரு தொகை வந்திருந்தால் அந்த அம்மா கையேந்தியிருக்க வேண்டாம்.

1862இல் ஜாம்பேசி ஆற்றில் கணவரிடம் வந்து சேர்ந்தார். மூன்று மாதம் ஆனதும் ஏப்ரல் 27ஆம் தேதி ஷுபங்காவில் காய்ச்சலில் இறந்தார். அங்கே ஒரு பெருக்கமரத்தின் அடியில் அடக்கம் செய்தார்கள். மூத்த மகன் ராபர்ட் அமெரிக்க உள்நாட்டுப் போரில் வேறு பேரில் சேர்ந்து, 1864இல் சிறைமுகாமில் இறந்தான், பதினெட்டு வயது. பிள்ளைகளோடு விளையாட நேரம் ஒதுக்கவில்லையே என்று லிவிங்ஸ்டன் வருந்தி எழுதியிருக்கிறார். நான் அவரைக் குறை சொல்ல இங்கே நிற்கவில்லை. அடிமை வியாபாரத்தை உலகத்துக்குத் தோலுரித்துக் காட்டியவர் அவர், அவரை நான் நேசிக்கிறேன். நான் கேட்பது அனுப்பினவர்களை.

அனுப்பினவர்கள் பாடம் படித்தார்களா? 1859இல் ஹெல்மோர், பிரைஸ் என்ற இரண்டு மிஷனெரிக் குடும்பங்களை அதே மகொலோலோ நாட்டுக்கு அனுப்பினார்கள். அதே பாலைவனம், அதே தாகம், அதே காய்ச்சல். 1860இல் லின்யாண்டியில் ஹெல்மோரும் மனைவியும் அவர்களுடைய இரண்டு பிள்ளைகளும் பிரைஸின் கைக்குழந்தையும் இறந்தார்கள். திரும்பும் வழியில் பிரைஸின் மனைவியும் போனார். பிரைஸும் அநாதையான இரண்டு ஹெல்மோர் பிள்ளைகளும் மட்டும் மிஞ்சினார்கள்.

இரண்டாவது காரியத்துக்கு நேரம் போதாது போலிருக்கிறது. லிவிங்ஸ்டன் இறந்தபின் அவருடைய ஆப்பிரிக்க உதவியாளர்களான சூமா, சூசி என்ற இருவரும் அவர் உடலைக் கடற்கரை வரை சுமந்து வந்தார்கள், நம் நாட்டு நாசிக் மிஷன் பள்ளியில் படித்த ஆப்பிரிக்கரான ஜேக்கப் வெயின்ரைட் அந்தக் கூட்டத்தில் இருந்தார், அவ்வளவு மட்டும் சொல்லி வைக்கிறேன். குருவானவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார்.

மூன்றாவதுக்கு வருகிறேன். இன்றைக்கு நம் சபைகள் ஒரு மிஷனெரியை அனுப்பும்போது நியமனக் கடிதம் யார் பேரில் போகிறது? தம்பி பேரில். தங்கச்சி அங்கே போய்ச் சும்மா இருக்கிறாளா? தையல் வகுப்பு, பிள்ளைகள் பள்ளி, பிரசவத்துக்குத் துணை, ராத்திரி பத்து மணிக்கு வந்து நிற்கிற ஆளுக்குச் சோறு. இதற்கு நாம் ‘துணைவியாரின் ஊழியம்’ என்று பேர் வைத்துப் பொன்னாடை போர்த்துகிறோம். பொன்னாடை வேண்டாம் ஐயா. நியமனக் கடிதத்தில் அவள் பேரும் வரட்டும். அவள் வங்கிக் கணக்கில் அவளுக்கான படித்தொகை ஏறட்டும். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. புருஷன் பெண்டாட்டிக்கும் அதுவே. குடும்பம் முழுவதற்கும் மருத்துவக் காப்பீடு, பிள்ளைகளின் விடுதிக் கட்டணம், பிரசவ சமயத்தில் தாய்வீட்டுக்கு வந்து போகச் செலவு, இவை எல்லாம் சபையின் கணக்கில் இருக்க வேண்டும். தன் வீட்டாரை விசாரிக்காதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினது அனுப்புகிற சபைக்கும் சேர்த்துத்தான் என்று நான் நம்புகிறேன்.

பணம் இல்லை என்று சொல்லாதீர்கள். புதுக் கோபுரத்துக்கு நாம் பணம் சேர்த்ததை நான் பார்த்தேன்.

நம் திருமண்டலப் பெருமன்றம் அடுத்து கூடும்போது இதைத் தீர்மானமாகக் கொண்டுவர எழுதி வைத்திருக்கிறோம். பேராயர் அவர்கள் தங்கள் முடிவுரையில் இதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன். கையெழுத்துத் தாள் ஆலய வாசலில் பெண்கள் ஐக்கிய சங்கத்தாரின் மேசையில் இருக்கிறது. பந்திக்குப் போகும் முன் எல்லாரும் போட்டுவிட்டுப் போங்கள், ஆண்களும்தான்.